‘காலையில கையெழுத்து போட முடியுதா?’ – குடியை விட்டவர் இன்னொருவருக்குத் துணை நிற்பது எப்படி

குடியை விட்ட பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வரும்: நாம் வெளியே வந்துவிட்டோம், உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். நல்ல எண்ணம்தான். எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வங்கியில் எழுத்தராக இருந்த காலத்தில் மிதமிஞ்சிக் குடித்தவன். இப்போது மறுவாழ்வு மையம் ஒன்றில் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. நான் மருத்துவன் இல்லை. குடித்த அனுபவம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டதும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் பட்ட பாட்டைக் கதையாகச் சொன்னால் கேட்பவர் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அதையே கேள்வியாக மாற்றிக் கேட்டால் அவர் பேச ஆரம்பிப்பார். இந்த வேலை முழுக்க அவரைப் பேச வைப்பதில்தான் இருக்கிறது.

என் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடித்துக்கொண்டிருந்த நாட்களில் காலை வேளையில் என்னால் கையெழுத்து போட முடியாது. முதல் எழுத்து ஒழுங்காக விழும். அடுத்த எழுத்து கோணும். கடைசிக் கோடு இழுத்துக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போய்விடும். அதனால் கையெழுத்து வேண்டிய தாள்களையெல்லாம் இழுப்பறையில் சேர்த்து வைப்பேன். மதியம் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தால் கை நின்றுவிடும், வரிசையாகப் போட்டு முடிப்பேன். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூட இது தெரியாது.

புதிதாக வருகிறவரிடம் ‘எவ்வளவு குடிப்பீங்க?’ என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும், பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். நான் கேட்பது, ‘காலையில கையெழுத்து போட முடியுதா சார்?’ என்பதுதான். ஒரு லாரி ஓட்டுநர் அதைக் கேட்டதும் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவராகவே, ‘ஸ்டியரிங்கைப் பிடிச்சா தெரியாதுண்ணே. தண்ணி டம்ளரைப் பிடிச்சாத்தான் தெரியும்’ என்றார். எழுந்தவுடன் ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் வண்டியை எடுக்க முடிகிறது என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் மனைவிக்கும் அதுவரை அது தெரியாது.

ஆகவே யாரையும் சந்திக்கப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த விஷயங்களை எழுதுங்கள்: எங்கே ஒளித்து வைத்தீர்கள், யாரிடம் என்ன பொய் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு உடம்பு கேட்க ஆரம்பிக்கும், எந்தத் தெரு வழியாகப் போனால் கால் தானாகத் திரும்பும், கண் விழித்ததும் முதலில் எதை நினைத்துப் பயந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்.

குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் ஒரு பாட்டில் வைத்திருப்பேன். அதற்கு எதிரே நான் எழுதிய கேள்வி: ‘வீட்டுல யாருக்கும் தெரியாத இடத்துல இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?’ மையத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவர் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டுவிட வேண்டும். குடும்பத்தார் தங்களுக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் துடைத்து வைத்திருப்பார்கள். தெரியாத இடம் அப்படியே இருக்கும். ஒளித்து வைத்துப் பழகியவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

கனவும் அப்படித்தான். நிறுத்திய புதிதில் குடிப்பது போலக் கனவு வரும், தொண்டை எரிவது வரை அப்படியே இருக்கும். விழித்ததும் நிஜமாகவே குடித்துவிட்டோம் என்று நெஞ்சு பதறும். வாயை ஊதி மணம் பார்ப்போம். இது பலருக்கும் வருகிற ஒன்று என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ‘என் மனசு இன்னும் குடியிலேயேதான் கெடக்குது, நான் தேற மாட்டேன்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ‘கனவுல குடிச்சீங்களா?’ என்று நீங்களே முந்திக்கொண்டு கேட்டால் அந்தப் பாரம் அப்போதே இறங்குவதை முகத்தில் பார்க்கலாம்.

சம்பள நாளைப் பற்றிக் கேளுங்கள்: ‘அடுத்த சம்பளம் என்னைக்கு? அன்னைக்கு யார்கூட வீட்டுக்குப் போவீங்க?’ நல்ல செய்தி வரும் நாளைப் பற்றியும் கேளுங்கள். துக்கத்தில் குடிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பதவி உயர்வு வந்த அன்று, குழந்தை பிறந்த அன்று குடிப்பார்கள் என்பது குடித்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அனுபவத்தை இப்படிப் பயன்படுத்துவது புதிதல்ல. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்ரன் நகருக்கு வேலையாக வந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டுப்போன நிலையில் ஓட்டலில் தனியாக இருந்தார். அதற்குச் சில மாதம் முன்னால்தான் குடியை நிறுத்தியிருந்தார். மதுக்கூடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை அழைத்து, தன்னைப் போன்ற ஒரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டும் என்று சொல்லி வந்த ஸ்மித் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சந்திப்பிலிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நாம் ஏ.ஏ. என்று சொல்லும் இயக்கம், பிறந்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அக்ரனுக்கு வருவதற்கு முன் பல மாதம் வில்சன் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசியிருந்தார். ஒருவர்கூடக் குடியை விடவில்லை. உபதேசத்தைக் குறையுங்கள் என்று அவருக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் சொல்லியிருந்தார். அக்ரனில் அவர் ஸ்மித்தைத் திருத்தப் போகவில்லை. தான் குடிக்காமல் இருக்க ஸ்மித் தேவைப்பட்டார், அதை மறைக்காமல் சொன்னார். உதவி செய்கிறவருக்கே அதனால் நன்மை கிடைக்கிறது என்பதைச் ஆய்வாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். எதிரே இருப்பவரிடம் அதை நீங்களும் வெளிப்படையாகச் சொல்லலாம்: ‘உங்ககிட்ட பேசுறது எனக்கும் நல்லது தம்பி.’ தான் பாரமாக இருக்கிறோம் என்ற அவருடைய கூச்சம் அதில் பாதி போய்விடும்.

அனுபவப் பகிர்வு வெறும் ஆறுதல்தான், சிகிச்சையாகாது என்று சொல்கிறவர்களும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில், ஏ.ஏ.வும் அதில் சேர வழிநடத்தும் முறைப்படியான சிகிச்சைகளும் மற்ற வழக்கமான சிகிச்சைகளைவிடச் சற்று மேலாகவே இருந்தன.

இனி, நீங்கள் இதற்குத் தயாரா என்பது. பல குழுக்களில் குடியை விட்டுக் குறைந்தது ஓராண்டாவது ஆகட்டும் என்பார்கள். நான் காலண்டரோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்ப்பேன். ஒருவர் தன் குடியைப் பற்றி ஒரு மணி நேரம் விவரித்ததைக் கேட்டுவிட்டு அன்று இரவு உங்களால் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா? உங்களுக்குச் சிக்கல் வந்தால் நள்ளிரவிலும் அழைக்க ஓர் ஆள் இருக்கிறாரா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் கொஞ்சம் பொறுங்கள். கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடுங்கள், புதிதாக வருகிறவரைக் கதவருகே நின்று வரவேற்றுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதுவும் துணைதான்.

சொந்தக் கதையைச் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம். அவர் கேட்டபின் சொல்லுங்கள், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்லுங்கள், முடிக்கும்போது பேச்சை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ‘எனக்கு இப்படி இருந்துச்சு, உங்களுக்கு எப்படி?’ என்பது போதும். குடித்த நாட்களின் சாகசங்களை எடுத்து விடாதீர்கள். எத்தனை பாட்டில் காலி செய்தோம், எந்த நிலையில் வண்டி ஓட்டினோம் என்பதெல்லாம் இரண்டு பேரையும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். ஊற்றும் சத்தம், மணம், முதல் மடக்கின் சூடு ஆகியவற்றை வர்ணிக்கவே வேண்டாம், நிறுத்திய புதிதில் அந்தப் பேச்சே உடம்பைத் தூண்டிவிடும்.

‘நானே விட்டேன், உன்னால முடியாதா?’ என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். சொல்கிறவருக்கு அது ஊக்கமாகத் தெரியும். கேட்கிறவருக்கு, ‘அவரால முடிஞ்சது என்னால முடியல’ என்றுதான் போய்ச் சேரும். உங்களுக்குக் குடும்பம் நின்றது, வேலை காத்திருந்தது. அவருக்கு அதெல்லாம் இல்லாமல் இருக்கலாம்.

வாதம் செய்யாதீர்கள். நீங்கள் குடிக்கு எதிராகப் பேசப் பேச, அவர் குடியின் பக்கம் நின்று பேச ஆரம்பிப்பார். நாமும் அந்த இடத்தில் உட்கார்ந்து அப்படித்தான் பேசினோம். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுத ஆரம்பித்து, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த உரையாடல் முறை இதை வைத்துத்தான் நிற்கிறது: மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். ‘குடி உங்களுக்கு என்ன செஞ்சு குடுக்குது?’ என்று முதலில் கேளுங்கள். தூக்கம், தைரியம், தனிமைக்கு மருந்து என்று ஏதோ ஒன்றைச் சொல்வார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘பதிலுக்கு என்ன எடுத்துக்குது?’ என்று கேளுங்கள். அதன் பிறகு நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. அமைதி நீளும். அதை நிரப்பாதீர்கள்.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தினமும் நிறையக் குடிக்கிறவரிடம் ‘இன்னைக்கே நிறுத்திடு, நானும் அப்படித்தான் ஒரே நாள்ல விட்டேன்’ என்று சொல்லாதீர்கள். நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்கு ஒன்றும் ஆகாது என்பதற்கு அத்தாட்சி கிடையாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் பிதற்றல் வரும். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, காய்ச்சலும் நாடித் துடிப்பும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகும்.

இங்கேதான் அந்தக் காலைக் கையெழுத்து மறுபடி உதவுகிறது. காலையில் கை உதறி, குடித்ததும் நிற்கிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து, ‘முன்னாடி நிறுத்தினப்போ வலிப்பு வந்துச்சா? இல்லாத உருவம் ஏதாச்சும் தெரிஞ்சுதா?’ என்று கேளுங்கள். எதற்கு ‘ஆமாம்’ வந்தாலும் மருத்துவமனைதான். அங்கே மருந்தை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 என்கிற தயமினும் கொடுப்பார்கள், அது குறைந்தால் மூளையே பாதிக்கப்படும். நீங்கள் செய்ய வேண்டியது, அவரோடு கூடப் போவது. எவ்வளவு குடிப்பார் என்ற உண்மையான அளவை உங்களிடம் சொல்லியிருப்பார், அதையே மருத்துவரிடமும் சொல்லும்படி பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் கொடுங்கள்.

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவற்றில் பென்சோடையசெபைன் வகையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பைக் கொண்டுவரும். ஹெராயின், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிமாத்திரைகளில் ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. சில வாரம் எடுக்காமல் இருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், பழைய அளவை அப்படியே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வருகிறவரிடம் இதைக் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படி அளவு மீறிப்போனால் முறிக்க நலாக்சோன் என்ற மருந்து உண்டு. கிடைக்கிற இடத்தில் குடும்பத்தார் கையில் இருக்கட்டும்.

ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் மருந்துகளை எடுத்துக்கொள்கிறவரைப் பார்த்து ‘ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் பிடிச்சிருக்கே’ என்று நம் ஆட்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மிகவும் கோபம் வருகிற பேச்சு இது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் அந்த இரண்டையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது, அவை சாவைத் தடுக்கின்றன. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. அதே காரணத்தால், குடித்தால் குமட்ட வைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா என்று வீட்டார் கேட்டால் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லுங்கள். தெரியாமல் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இரவு அழைப்புக்கு வருவோம். ‘அண்ணே, தாங்க முடியல’ என்று போன் வரும். அப்போது அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். நான் வரிசையாகக் கேட்பது இதுதான்: எங்க இருக்கீங்க? உட்கார்ந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா? கையில காசு இருக்கா? கடைசியா எப்போ சாப்பிட்டீங்க? பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஏதோ ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். தெருவில் நின்றுகொண்டிருந்தால் பேசிக்கொண்டே எதிர்த்திசையில் நடக்கச் சொல்வேன். உடம்பில் எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்பேன். ‘தாடை இறுகுது’, ‘வயித்துல நமநமங்குது’ என்பார்கள். அதையே கவனித்துச் சொல்லிக்கொண்டிருக்கச் சொல்வேன். உளவியலாளர் ஆலன் மார்லட் இந்த வேட்கையை அலை என்றார். எழும், உச்சிக்குப் போகும், எதிர்த்து மோதாமல் அதன்மேல் மிதந்தால் தானே இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வேகம் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரம் போனில் இருந்தால் போதும். அடுத்து ஒரு சோறோ ரொட்டியோ சாப்பிடச் சொல்லி, காலையில் ஒரு நேரம் குறித்து நீங்களே அழையுங்கள்.

சறுக்கல் நடக்கும். அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் தரும் கணக்கில், சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி எடுக்கிறார்கள், ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் சிகிச்சை பெறுகிறவர்கள் மருந்தை விட்டு மறுபடி படுப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மார்லட் இன்னொன்றையும் கவனித்தார். ஒரு டம்ளரில் நிற்க வேண்டியது, ‘எல்லாம் போச்சு, இனி எவ்வளவு குடிச்சா என்ன’ என்ற குற்ற உணர்ச்சியால்தான் ஒரு வாரக் குடியாகிறது. அந்த எண்ணத்துக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர வேண்டும். சறுக்கிய அன்று என் முதல் வார்த்தை, ‘சொன்னதுக்கு நன்றி.’ அடுத்து உடம்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு குடித்தார், மருத்துவரைப் பார்க்க வேண்டுமா. ஓரிரு நாள் கழித்துத்தான் விசாரணை, அதுவும் குடித்த நேரத்தைப் பற்றி இல்லை. அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது, முந்தைய வாரம் எந்தக் கூட்டத்துக்குப் போகாமல் விட்டார், யாருடைய போனை எடுக்கவில்லை என்று பின்னோக்கிக் கேட்பேன். சறுக்கல் டம்ளரை எடுப்பதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது என்பதை நம் சொந்தச் சறுக்கல்களை யோசித்தாலே தெரியும்.

வீட்டாரோடு பேசும்போது ஜாக்கிரதை. அவர்கள் நம்மிடம் சாட்சி கேட்பார்கள்: ‘குடிச்சாரா, இல்லையா? உங்ககிட்ட சொல்லியிருப்பாரே.’ அவர் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் சொல்லாதீர்கள். ‘அண்ணி, அவர்கிட்டயே கேளுங்க, நான் பக்கத்துல இருக்கேன்’ என்பேன். அவர்களுக்கென்றே 1951இலிருந்து அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன, அங்கே அனுப்பி வையுங்கள். ரகசியத்துக்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. சாக வேண்டும் என்று பேசினாலோ, இன்னொருவருக்கு ஆபத்து என்றாலோ நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள். இதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லி வைத்துவிட்டால் பிற்பாடு துரோகமாகத் தெரியாது.

கடன் கொடுக்காதீர்கள். மதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவரை அழைத்து வரத் தனியாகப் போகாதீர்கள், இன்னொருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த நேரம் வரை போன் எடுப்பீர்கள், எடுக்க முடியாதபோது யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். அவருக்கு நீங்கள் ஒருவர்தான் துணை என்ற நிலை வரவே கூடாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

கொஞ்ச காலம் போனபின், ‘நானும் யாருக்காச்சும் துணையா நிக்கலாமாண்ணே?’ என்று அவரே கேட்பார். உடனே தலையாட்ட வேண்டாம். இரவில் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா, நள்ளிரவில் அழைக்க ஆள் இருக்கிறாரா என்று மேலே சொன்ன அந்த இரண்டு கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். பிறகு, நீங்கள் புதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது, அந்தப் புதியவரின் சம்மதத்தோடு, இவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் சில சந்திப்புகளில் பேச வேண்டாம், கேட்க மட்டும் செய்யட்டும். முடிந்து வெளியே வந்ததும், ‘நீங்களா இருந்தா எந்த இடத்துல என்ன கேட்டிருப்பீங்க?’ என்று விசாரியுங்கள். அந்த லாரி ஓட்டுநர் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார். போன வாரம் ஒரு தையல்காரரைச் சந்தித்து வந்தபோது அவர் சொன்னார்: ‘ஊசியில நூல் கோக்க முடியுதான்னு கேட்டிருப்பேண்ணே.’ அடுத்த சந்திப்பில் அவரையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.